கன்னத்தளவு மூச்சு

செஞ்சி பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அருளானந்தத்தை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் மனைவி அமலோற்பவத்தைத் தெரியாதவர்களே இல்லை. அரசாங்கப் பிரசவ விடுதியில் அவளுக்கு வேலை. காகிதத்தில் மிட்வைஃப் என்று போட்டிருந்தாலும் சிங்கவரம், மேலச்சேரி பக்கமெல்லாம் நர்சம்மா என்றால் அது அவள்தான். வெள்ளைப் புடவை, கறுப்புத் தோல் பை, வெயிலுக்கு ஓர் ஆண்பிள்ளைக் குடை. பஸ் போகாத ஊர்களுக்கு நடந்தே போய்விடுவாள்.

அவள் குரலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். உள்ளே வலி எடுத்துக் கிடப்பவளிடம், “மூச்ச இழு! அடக்கு! இப்ப முக்கு! இன்னாடி கோழி மாதிரி மூச்சு வுட்ற?” என்று அவள் போடுகிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும். வெளியே நிற்கிற ஆம்பளைகள் திண்ணையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். உள்ளே கிடப்பவளுக்கோ பாதி தைரியம் அந்தச் சத்தத்திலேயே வந்துவிடும்.

அறுபத்து நாலாம் வருஷம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கி முடிந்த சமயத்தில் அவளுக்கு இருமல் வந்தது. கிராமத்துப் புழுதி என்று நினைத்தாள். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடித்தாள். இருமல் நின்றபாடில்லை. ஒருநாள் மேலச்சேரியிலிருந்து திரும்பி வரும்போது வழியில் ஒரு புளியமரத்தடியில் நின்று இருமினாள். வாயைத் துடைத்த முந்தானையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. வெள்ளைப் புடவையாதலால் அது வெற்றிலைச் சாறுதான் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு வெற்றிலைப் பழக்கமும் கிடையாது.

டிபியாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். சளியைச் சோதித்துப் பார்த்தபோது அதில் கிருமி இல்லை. மறுபடி சோதித்தார்கள், அப்போதும் இல்லை. பிரசவ விடுதிக்கு வந்துபோகும் டாக்டர், “இங்க வச்சுக்கிட்டு நாளக் கடத்த வேணாம், வேலூருக்குப் போயிடுங்க” என்று அன்றைக்கே அனுப்பிவைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிற்பாடு அவருக்காக அவள் ஜெபிக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

சேத்துப்பட்டில் பஸ் மாறி, ஆரணி வழியாக, புருஷனும் பெண்சாதியும் வேலூர் போய்ச் சேர்ந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, நரைத்த மீசை வைத்த பெரிய டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டாம்மா?”

“எனக்கா! எங்க வூட்டுக்காரருக்கே கெடையாது டாக்டர்.”

“சில பேருக்கு அப்படியும் வருது. நீங்களும் நம்ம தொழில்ல இருக்கறவங்க, மறைக்கக் கூடாது. வலது நுரையீரல்ல கீழ்ப்பாகத்துல ஒரு கட்டி இருக்கு. புற்றுநோய். வேற எங்கயும் பரவினதாத் தெரியல. அந்தப் பாகத்த மட்டும் எடுத்துடலாம்.”

அருளானந்தம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அமலோற்பவம் தொழில்காரியாகத்தான் கேட்டாள். “எடுத்துட்டா அந்த எடம் காலியா கெடக்குமே டாக்டர்?”

“மீதி இருக்கறது விரிஞ்சு அந்த எடத்த நெரப்பிக்கும். ஆனா தானா விரியாது. நீங்கதான் விரிய வைக்கணும்.”

விரிய வைக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மலையாளத்துப் பெண் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். மூச்சுப் பயிற்சிக்கென்றே ஆஸ்பத்திரியில் இருந்தவள். ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும் என்றாள். அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஊருல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் மூச்சு வுடக் கத்துக் குடுத்தவம்மா நானு.”

“அப்போ எனக்குப் பணி எளுப்பமாச்சு, சுலபமாச்சு” என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். அமலோற்பவத்தின் விலா எலும்பின் கீழ்ப்பக்கம் கையை வைத்தாள். “என் கையைத் தள்ளுங்க பார்க்கலாம். மூக்கால இழுக்கணும். காப்பி ஆத்தற மாதிரி வாயைக் குவிச்சு மெல்ல விடணும்.”

அமலோற்பவம் இழுத்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின. அந்தக் கை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. எத்தனையோ பேருக்கு மூச்சைச் சொல்லிக்கொடுத்தவள், தன் மூச்சு எது வரைக்கும் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலுக்குப் போயிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் பாட்டில் களக் களக் என்றது. முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரைக்கும் தையல். கொஞ்சம் இழுத்தாலும் அருவாமணையை உள்ளே வைத்துத் திருகுகிற மாதிரி இருந்தது. அதனால் மேலோட்டமாக, பூனைக்குட்டி மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அப்படியே கிடக்க விட்டால் போதும் என்றிருந்தது.

அந்தப் பெண் விடவில்லை. மறுநாளே வந்து உட்காரவைத்தாள். தையல் மேல் ஒரு தலையணையை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இருமுங்கம்மா” என்றாள். “சளி உள்ளே நின்னா நுரையீரல் விரியாது.”

“முடியாது.”

“முடியும். இருமுங்க.”

“ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? நீயும் ஒரு பொண்ணு தான? பாவி!” என்று அமலோற்பவம் கத்தினாள். கத்தின கத்தலிலேயே இருமல் வந்து, சளியும் வந்தது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தை நீட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், “இன்னும் ஒரு தடவை” என்றாள்.

அப்போதுதான் அமலோற்பவத்துக்கு உறைத்தது. இதே வார்த்தைகளை அவள் எத்தனை பெண்களிடம் வாங்கியிருக்கிறாள்! பாவி, சண்டாளி, ஒனக்கு ஈரமே இல்லியா என்று வலியில் திட்டியவர்கள்தான் மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள். வலி ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை.

ஊதுவதற்கு இரண்டு பெரிய பாட்டில்கள் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றில் சாயத் தண்ணீர், இன்னொன்று காலி. இரண்டுக்கும் நடுவே குழாய். வாயில் வைத்து ஊதினால் தண்ணீர் இந்தப் பாட்டிலிலிருந்து அதற்குப் போக வேண்டும். முதல்நாள் குழாயில் விரலளவு ஏறிவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அருளானந்தம், பாட்டிலையும் மூடியையும் குழாய் வைத்திருக்கிற விதத்தையும் ஒரு தரம் நன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த புதிதில் அவளால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. “அந்தச் சொம்ப...” என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, “எடுங்க” என்பாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கட்டிக்கொடுத்த மகள் இருதயமேரி வந்து ஒரு மாதம் சமைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தலை வாரிவிடுகிற வேலை அருளானந்தத்துக்கு வந்தது. சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு, விரல்களைப் பல்லி மாதிரி சுவரில் ஏற்றி, நேற்றைய கோட்டைத் தாண்டச் சொன்னதும் அவர்தான்.

ஒரு மத்தியானம் அவர் கடையைச் சாத்திவிட்டு இரண்டு கண்ணாடி பாட்டில்களோடு வந்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவை. சைக்கிள் ட்யூபை வெட்டி வாய்க்கு மூடி போட்டு, பங்ச்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, அதில் குழாய் செருகியிருந்தார். தண்ணீரில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்தார்.

“ஊது.”

அவள் ஊதினாள். தண்ணீர் நகரவில்லை. எங்கேயோ புஸ் என்றது.

“லீக்கு” என்றார் அவர். கடையில் ட்யூபை முக்கிப் பார்க்கிற தகரத் தொட்டியைக் கொண்டுவந்து, பாட்டிலின் கழுத்தை அதில் முக்கி, “இப்ப ஊது” என்றார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து, துடைத்து, ஒரு ஒட்டுப் போட்டார். அவருடைய முகம் பங்ச்சர் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் தையல் வலித்தது, வலித்தும் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“சிரிக்கிறதும் மூச்சுப் பயிற்சிதான்” என்றார் அவர், அசராமல்.

ஊரில் வேறு மாதிரிப் பேச்சு ஓடியது. நெஞ்சு ஆபரேஷன் என்றால் டிபி என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். மாதா கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசையில் இடம் கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது. பிரசவ விடுதிக்கு வேறொரு நர்சு தற்காலிகமாக வந்திருந்தாள். வீட்டு வழியாகப் போகிறவர்கள் தெருவில் நின்றபடியே, “ஒடம்பு எப்டி இருக்குது நர்சம்மா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

உள்ளே வந்தவள் மேலச்சேரி விருத்தாம்பாள் ஒருத்திதான். தினம் செஞ்சிக்குத் தயிர் கொண்டுவந்து விற்கிறவள். மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போனபோது, அமலோற்பவம் வயிற்றைப் பிடித்துப் பிசைந்தபடி கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்து அவளைக் காப்பாற்றியிருந்தாள். காலியான தயிர்ச் சட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு விருத்தாம்பாள் அவளைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாம்மா தல இது? மாட்டுக்கு வெக்கல ஒதறிப் போட்டா மாதிரி?”

“எங்க வூட்டுக்காரரு... வாருனது.”

“சைக்கிளு வரிக்கும் போதும்னு சொல்லு அவர” என்று சொல்லி, சப்பணம் போட்டு உட்கார்ந்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அப்படி ஒரு கை தலையில் பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒங்க மாமியாரு... ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லாம இருக்குமா? அங்க போவாத, அது காத்துலயே ஒட்டிக்கும்னுது. நர்சம்மா அன்னிக்குக் கைய எடுத்திருந்தா இன்னிக்கு எனக்கு ஒட்டிக்கறதுக்கு ஒடம்பே இருந்திருக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அதிலிருந்து, தயிர் விற்று முடிந்ததும் அவள் வந்து அமலோற்பவத்தை நடக்கக் கூட்டிப்போவது வழக்கமாயிற்று. முதலில் தெருமுனை. அடுத்த வாரம் கோயில். மூச்சு வாங்கும்போது நின்று, வாயைக் குவித்து, காப்பி ஆற்றுகிற மாதிரி விடுவாள். விருத்தாம்பாளும் பக்கத்தில் நின்று, தேவையே இல்லாமல், தானும் வாயைக் குவித்து ஊதுவாள். போகிற வருகிறவர்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மழைக்காலம் வரும்போது செட்டிக்குளத்துக் கரை வரைக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். பேசிக்கொண்டே போக முடிந்தது. வீட்டில் நீலத் தண்ணீர் ஒரே ஊதலில் பாதிப் பாட்டில் மாறியது.

ஒருநாள் காலையில் விருத்தாம்பாள் தயிர்ச் சட்டி இல்லாமல் வந்தாள். அவள் புருஷன் பாவாடை என்பவன் மாட்டு வண்டியைத் தெருவில் நிறுத்தியிருந்தான்.

“நர்சம்மா, எங்க நாத்தனா மீனம்பா தலப்பிரசவத்துக்கு வந்திருக்குதில்ல, நேத்து பொழுது சாயவே வலி கண்டுது. இன்னும் ஆவல. அந்தப் புது நர்சு அவலூர்பேட்ட பக்கம் போயிருக்குதாம். பொண்ணு தொவண்டு போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வரலாம்னா வண்டியில ஏத்தவே பயமா இருக்குது.”

அருளானந்தம் முதலில் வேண்டாம் என்றார். “நீ லீவுல இருக்கிற. வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அங்க போய் ஒனக்கு ஒண்ணு ஆனா?”

“ஒண்ணும் ஆவாது. எம் பைய எடுங்க” என்றாள் அமலோற்பவம்.

அவர் பையை எடுத்துக்கொடுத்துவிட்டு, தலையணையையும் எடுத்து வண்டியில் போட்டார். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அதைத் தையல் இருந்த பக்கத்தில் அணைத்துக்கொண்டே மேலச்சேரி போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் விருத்தாம்பாளின் மாமியார் கமலாம்பாள் நின்றிருந்தாள். மீனம்பாள் அவளுடைய கடைசி மகள். அமலோற்பவத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே நாலைந்து பெண்கள் ஆளுக்கொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். மீனம்பாள் வியர்த்து, உதடு காய்ந்து, ஒவ்வொரு வலிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அமலோற்பவம் கையைக் கழுவிப் பரிசோதித்தாள். தலை இறங்கியிருந்தது. மீனம்பாளுக்குத் தெம்பு மட்டும் இருந்தால் போதும். பழைய அமலோற்பவமாக இருந்தால் ஒரு சத்தத்தில் காரியம் முடிந்திருக்கும். இப்போது அந்தச் சத்தம் அவளிடம் இல்லை.

தலைமாட்டில் உட்கார்ந்து, மீனம்பாளின் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாகச் சொன்னாள். “கத்தாத கண்ணு. என்னப் பாரு. காப்பி ஆத்துவ இல்ல? அப்டி வுடு. நானும் கூட வுடறேன்.”

அந்தச் சின்னக் குரல் காதில் விழ வேண்டுமென்று மற்றப் பெண்கள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். வலி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாயைக் குவித்து ஊதினார்கள். வலி போனதும் சேர்ந்து ஓய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மீனம்பாளின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய் குடித்தாள். பிறகு வந்த வலிகளில், “இப்ப முக்கு தாயி” என்று அமலோற்பவம் சொன்னபோது முக்குவதற்கு அவளிடம் தெம்பு இருந்தது.

குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. சுற்றை எடுத்துவிட்டுத் தூக்கினால் நீலமாக, துணி மாதிரித் துவண்டு கிடந்தது. அழவில்லை.

வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை உறிஞ்சி எடுத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. விரலை வைத்துப் பார்த்தால் நெஞ்சுக்குள் துடிப்பு மட்டும் மெல்ல இருந்தது. இனிச் செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். பல தடவை செய்திருக்கிறாள். குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊத வேண்டும்.

ஆனால் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். கதவோரம் கமலாம்பாள் நின்றிருந்தாள். காத்துலயே ஒட்டிக்கும் என்று சொன்னவள். தன் நோய் ஒட்டுகிற நோய் அல்ல என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியுமா?

கமலாம்பாள் இரண்டு கையையும் கூப்பினாள். “ஊதும்மா. ஒன் மூச்சக் குடு எம் பேரப்புள்ளைக்கு.”

அமலோற்பவம் குனிந்தாள். பச்சைக் குழந்தைக்கு நெஞ்சு நிறைய ஊதக் கூடாது. ஊதினால் அந்தச் சின்ன நுரையீரல் கிழிந்துவிடும். அதற்கு வேண்டியது கன்னத்தில் அடங்குகிற காற்று மட்டுந்தான். அவளிடம் அது இருந்தது. அதற்கு மேலேயும் இருந்தது. ஒரு சின்ன ஊதல். குழந்தையின் மார்பு லேசாக எழும்பித் தாழ்ந்தது. மறுபடி ஒன்று. மறுபடி. நடுநடுவே தனக்கும் இழுத்துக்கொண்டாள். தோள் ஏறவில்லை, மூச்சு விலாவின் அடிவரைக்கும் போய் வந்தது. பக்கத்தில் விருத்தாம்பாள் அடக்கமாட்டாமல் தானும் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

குழந்தை ஒரு விக்கல் விக்கியது. முகம் சுருங்கியது. பிறகு வீட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அழுதது.

“பொண்ணு” என்றாள் அமலோற்பவம். துடைத்து மீனம்பாளின் மார்பில் படுக்கவைத்தாள்.

மீனம்பாளைச் சுத்தம் செய்து, எல்லாம் முடித்து, வெளியே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பாவாடை இளநீர் வெட்டிக் கொடுத்தான். கமலாம்பாள் வெண்கல வட்டிலில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே, அதே கட்டிலில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நான் ஒன்ன ஒரு வார்த்த சொல்லிட்டேன்மா.”

“ஒரு கட்டி... இருந்துது. அறுத்து எடுத்துட்டாங்க. அவ்ளோதாம்மா.”

“சாப்டு. எளச்சி கெடக்குற.”

அவள் இரண்டு தரம் களி வாங்கிச் சாப்பிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாய்க்கு ருசியாக ஒன்றும் இறங்கியதில்லை. அன்றைக்குக் கீரைக் குழம்பு அமிர்தமாக இருந்தது. சாப்பிடும்போது மனசுக்குள் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். நாளைக் கடத்தாமல் அனுப்பிய டாக்டர், முக்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவர், திட்டு வாங்கிக்கொண்டே தலையணையைப் பிடித்த அந்தப் பெண், லீக்கு அடைத்த புருஷன். மாதாவே, இத்தனை பேரை எனக்குக் கொடுத்திருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் வேலூருக்குப் போனார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பெரிய டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். நோய் இருந்த அடையாளம் இல்லை. மேலே இருந்த பாகம் விரிந்து காலி இடத்துக்கு இறங்கி வந்திருந்தது. தண்ணீரில் கவிழ்த்த பெரிய டப்பா ஒன்று இருந்தது. அதன் குழாயில் ஊதினால் டப்பா எழும்பும், பக்கத்தில் சுற்றுகிற காகிதத்தில் முள் கோடு போடும். அதில் ஊதச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த கோட்டுக்கு இந்தக் கோடு கொஞ்சம்தான் தாழ்ந்திருந்தது. “நான் எதிர்பார்த்ததுக்கு மேலயே வந்திருக்கீங்க. வேலைக்குப் போகலாம். கனமான பையை மட்டும் தூக்காதீங்க” என்றார் டாக்டர்.

“பை தூக்க ஆள் இருக்குது டாக்டர்” என்றாள் அவள்.

கிளம்புகிற நேரத்தில் மலையாளத்துப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓர் அம்மாள், போளூர்ப் பக்கம், நாளை மறுநாள் ஆபரேஷன், பயந்துபோய் ஒரு வார்த்தையும் காதில் வாங்கமாட்டேன் என்கிறாள், நீங்கள் வந்து பேசுங்கள் என்றாள்.

போளூர் அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அமலோற்பவம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஜாக்கெட்டை லேசாக விலக்கி, ஆறிப்போன தழும்பைக் காட்டினாள்.

“நானும் இங்க தான் படுத்திருந்தேன். இந்தப் பொண்ண நான் திட்டாத திட்டு இல்ல. நீயும் திட்டு, பரவால்ல. ஆனா அது சொல்றதச் செய்யி.”

அந்த அம்மாள் தழும்பையே பார்த்தாள். “எங்க வூடு மல மேல இருக்குதும்மா. கீழ எறங்கித்தான் தண்ணி எடுக்கணும். எறங்கி ஏற முடியுமா இனிமே?”

“முடியும். நடுவுல ரெண்டு எடத்துல உக்காரு. யாராச்சும் கேட்டா காத்து வாங்குறேன்னு சொல்லு” என்றாள் அமலோற்பவம்.

அந்த அம்மாளின் விலாவின் கீழ்ப்பக்கம் தன் கையை வைத்தாள்.

“எங்க, எங் கையத் தள்ளு பாக்கலாம்.”